அறிவியல் அரங்கம்: மெல்லிய படலத்தின் இருவேறு குணங்கள்

மின்சார அடுப்பின் கம்பி செக்கச் சிவந்து சுடுவதை நம் இல்லத்தார் அனைவரும் அறிவர். ஓடும் மின்சாரத்தை உலோகம் தடுக்கின்றது, அத்தடையே வெப்பமாகின்றது. இத்தடை அடியோடு மறையும் நிலையும் ஒன்றுண்டு. 1911ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு லைடன் நகரில், காமர்லிங் ஓனஸ் என்னும் அறிஞர் பாதரசத்தைப் பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தார். அதன் தடை திடீரென மறைந்தது. இதனை மீக்கடத்தல் என்பர். 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் இதன் காரணத்தை விளக்கினர். கடுங்குளிரில் எலெக்ட்ரான்கள் இணையிணையாகச் சேர்கின்றன. அவ்விணைகள் யாவும் ஒரே தாளத்தில் இயங்குவதால் தடையின்றி ஓடுகின்றன.

இத்தகைய உலோகத்தைச் சில அணுக்களின் கனமே உள்ள படலமாக்கினால் யாது நிகழும்? 1989இல் அமெரிக்க நாட்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தார் பிஸ்மத் உலோகத்தைக் குளிர்ந்த தளத்தின்மேல் சிறிது சிறிதாகப் படியவைத்து ஆராய்ந்தனர். ஒரு சதுரப் பரப்பின் தடை ஏறத்தாழ 6,450 ஓம் அளவினும் குறைந்திருந்த படலங்கள், குளிர்ந்ததும் மீக்கடத்திகளாயின. அதனினும் மிக்க தடையுடைய மெல்லிய படலங்களோ, குளிரக் குளிர மின்சாரத்தை மேன்மேலும் மறுத்தன. இவ்வெல்லை எல்லாப் பொருள்களுக்கும் ஒன்றன்று எனப் பின்னர்ப் புலனாயிற்று.

2004இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. அதன் ஆசிரியர் வரிசையில் முதற்கண் நிற்பது சம்பந்தமூர்த்தி என்னும் பெயர். மீக்கடத்தும் இண்டியம் ஆக்ஸைடு படலத்தின்மீது காந்தப்புலத்தைச் செலுத்தியபோது, அப்படலமே மின்சாரத்தைத் தடுக்கும் பொருளாக மாறிற்று. புலத்தை மேலும் மிகுத்தபோது, தடை மீண்டும் தளர்ந்தது!

தடுக்கும் நிலையில் எலெக்ட்ரான் இணைகள் பிரிந்துவிட்டனவா? அல்லது இணைகள் இருந்தும் இயங்காது நிற்கின்றனவா? இதுவே ஆராய்ச்சியாளர் முன் நின்ற வினா.

2007இல் பிரௌன் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு விடை கண்டனர். தேனடை போன்ற நுண்துளைகள் நிறைந்த பிஸ்மத் படலத்தின்மேல் காந்தப்புலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினர். மின்சாரத்தை மறுக்கும் அப்படலத்தின் தடை, ஒழுங்கான இடைவெளியில் ஏறியும் இறங்கியும் வந்தது. எலெக்ட்ரான்கள் தனித்து இயங்கியிருப்பின், அவ்விடைவெளி இருமடங்காக இருந்திருக்கும். ஆகவே, அப்படலத்தில் இணைகள் பிரியவில்லை. அவற்றின் பொதுத் தாளமே குலைந்தது.

இணைவது வேறு, இணைந்தவை ஒருமித்து இயங்குவது வேறு. அயலூரில் சங்கம் அமைத்து வாழும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயினும், இவ்விணைகளை ஆங்காங்கே நிறுத்திவைப்பது யாது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நம் குடும்பங்களில் பௌதிகம் பயிலும் இளைஞரும் இளம்பெண்டிரும் இதனை மனத்திற் கொள்வாராக. விடை காண வேண்டிய வினா இன்னும் எஞ்சியிருக்கின்றது.