முட்டை ஓடும் மீன் கழுவிய தண்ணீரும்

‘சமையலறையில் மிஞ்சுவது எதுவானாலும் செடிக்கு உரம்தான், இயற்கைப் பொருள் என்பதால் கெடுதல் கிடையாது.’ மாடித் தோட்டம் போடுகிறவர்களிடம் இந்தப் பேச்சு வேரூன்றிவிட்டது. தூத்துக்குடிக்கு இது பொருந்தாது. இங்கே மண்ணிலும் தண்ணீரிலும் சுண்ணாம்பும் உப்பும் ஏற்கெனவே மிகுதி. குறைவாக இருப்பது மக்கு. நாம் தொட்டியில் கொட்டுவதோ பெரும்பாலும் மிகுதியானதைத்தான்.

முட்டை ஓட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே செய்யும் மக்ரூன் இனிப்புக்கு வெள்ளைக்கரு வேண்டும் என்பதால் ஓட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. அந்த ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். முத்தும் சிப்பியும் சங்கும் பவளப்பாறையும் பெரும்பகுதி அதே பொருள்தான். பவளக்கல்லை வெட்டி வீடு கட்டி, சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது. இங்கே செடிக்குக் கால்சியம் போதவில்லை என்று சொல்வதற்கு அடிப்படையே இல்லை. நீலகிரியின் அமில மண்ணில் பொடித்த ஓடு மெல்லக் கரைந்து பயன் தரும். இங்குள்ளதுபோன்ற கார மண்ணில் அது கரைவதே அரிது. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

‘சுண்ணாம்பு குறைந்த தேரிச் செம்மண்ணைக் கொண்டுவந்துதானே தொட்டியை நிரப்பினோம்’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொட்டிக்கு ஊற்றுவது ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால், தொட்டி விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள். சுண்ணாம்பும் உப்பும் நாள்தோறும் தண்ணீரோடு உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

‘தக்காளியின் அடி கறுத்து அழுகுகிறதே, அது கால்சியம் குறைவுதானே?’ காயில் குறைவு என்பது உண்மை. மண்ணில் குறைவு என்பது தவறு. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும், தண்ணீரில் உப்பு கூடினாலும் அது காய்க்குப் போய்ச் சேராது. சீராகத் தண்ணீர் விடுவதும், மண்மேல் காய்ந்த இலையைப் பரப்பி மூடுவதும்தான் இதற்கு மருந்து.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மல்லிகையின் கதி. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பெரும்பாலும் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் வேரால் அதை எடுக்க முடியாது. செடி வெளுத்துவிட்டதே என்று பதறி மேலும் ஓடும் அடுப்புச் சாம்பலும் போட்டால் நோயை வளர்க்கிறோம். சாம்பலும் காரம்தான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். அது கடைப் பொருள்தான். ‘இயற்கை’ இல்லை என்று ஒதுக்கினால் இழப்பு செடிக்கு. சாம்பலுக்கு வேறு இடம் உண்டு: அவரையில் அசுவினி மொய்க்கும்போது இலைமேல் லேசாகத் தூவலாம்.

மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்லது என்பதைப் பாட்டிமார் சொல்லாமல் இருந்ததில்லை. அவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தண்ணீர்? செதில் உரசி, குடல் எடுத்து அலசிய முதல் தண்ணீரில் தழைச்சத்து உண்டு. அடுத்து கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோமே, அந்தத் தண்ணீர் உப்புக் கரைசல். கருவாடு ஊறவைத்த தண்ணீரும் அப்படியே. தோட்டத்து மண்ணில் நிற்கும் பெரிய மரம் கொஞ்சம் தாங்கும். மாடித் தொட்டி தாங்காது. நீர் ஆவியாகும், உப்பு தங்கும், இலை நுனி கருகும். மீன் தலையும் குடலும் தொட்டிக்குள் புதைக்க ஏற்றவை அல்ல. அழுகும்போது கிளம்பும் அம்மோனியா வேரைச் சுடும். பூனையும் எலியும் கிளறிப்போடும். முருங்கை, தென்னை அருகே ஓர் அடிக்குமேல் ஆழமாகப் புதைக்கலாம். இல்லையென்றால் சம எடை வெல்லம் சேர்த்து மூடி நொதிக்கவைத்து, மீன் அமிலமாக்கி, நன்றாக நீர்த்துத் தெளிக்கலாம்.

சர்க்கரை போட்ட தேயிலைச் சக்கையை அப்படியே கொட்டினால் எறும்பு வரும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால், அதன் தேன்கழிவுக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கும். சக்கையை அலசிப் போடுவது பெரிய வேலை இல்லை. அரிசி கழுவிய நீரில் சத்து சொற்பம். ஆனாலும் தண்ணீர் அருமையான ஊரில் அதை ஊற்றுவது நல்ல பழக்கம். உப்பிட்ட கஞ்சியும் மிஞ்சிய குழம்பும் மட்டும் வேண்டாம்.

காய்த் தோலையும் வாழைப்பழத் தோலையும் தனித்தனியே ஊறவைத்து மருந்துபோல் ஊற்றுவதைவிட, தென்னைநார்க் கழிவும் காய்ந்த இலையும் கலந்து மக்கவைப்பது இந்த மண்ணுக்கு நிறையச் செய்யும். மக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும். தழைச்சத்தை மெல்ல விடும். மக்கும்போது பிறக்கும் அமிலங்கள் வேர் அருகே இரும்பையும் சற்று இளக்கிக் கொடுக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் தொட்டிகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக் குத்திவிடுங்கள். நம் ஊரின் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். ஆண்டு முழுவதும் தொட்டியில் சேர்ந்த உப்பைச் செலவில்லாமல் கழுவி இறக்க அந்த மூன்று மாதங்களே வாய்ப்பு.