பக்கத்து வீட்டு வாயுவில் வெடிக்கும் நட்சத்திரம்!

வானத்தில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிகிற நட்சத்திரமெல்லாம் தனி ஆள் இல்லை. 'ஆர்.எஸ். ஒஃபியூக்கி' ஒரு ஜோடி. ஒருவன், ஊதிப் பெருத்த சிவப்பு ராட்சதன். இன்னொருவன், பூமி அளவே உள்ள வெள்ளைக் குள்ளன். ஆனால், எடையில் சூரியனையே மிஞ்சுவான்.

ராட்சதன் சிந்தும் வாயுவைக் குள்ளன் இழுத்துத் தன்மேல் சேர்க்கிறான். சேர்ந்த ஹைட்ரஜன் அடுக்கு, அழுத்தமும் வெப்பமும் எகிறி ஒருநாள் வெடிக்கும். 1985, 2006, கடைசியாக 2021 ஆகஸ்ட்டில் வெடித்தது. அப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

சிதறும் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. வழியிலோ ராட்சதன் ஏற்கெனவே சிந்திய வாயு! மோதலில் அதிர்வலை பிறந்து, வாயு கோடி டிகிரிக்கு மேல் சூடாகிறது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் பளிச்சென உமிழ்கோடுகள் தெரியும். வாயுவின் வேகம் கூடினால் கோடு அகலமாகும். அதிர்வலை தளரத் தளர, கோடும் ஒடுங்கும். 13 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பின் பச்சைக் கோடும் இதில் உண்டு. சூரியனின் கரோனாவில் தெரியும் அதே கோடு. 1985 வெடிப்பின் கோடுகளை நம் காவலூரிலும் பதிவு செய்தார்கள்.

வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய எடை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. சந்திரசேகர் கண்ட எல்லை இது. இந்தக் குள்ளன் அதை நெருங்கிவிட்டான். வெடிப்பில் இழப்பதைவிடச் சேர்ப்பது அதிகம் என்றால், ஒருநாள் எல்லை தாண்டும். இந்த ஜோடிக் கதையும் முடியும். அந்த வரவு செலவுக் கணக்கைத்தான் கோடுகளில் தேடுகிறார்கள்.