விலைக்கு வாங்கிய ஒப்படைப்பு

ஞாயிறு மாலையில் நம் சிற்றூர்களின் கடைத்தெருவில் இக்காட்சியைக் காணலாம். எழுதுபொருள் கடையின் முன் பெற்றோர் கூட்டம். "தீண்டாமைக்கு ஒரு படம் கொடுங்கள், கபடிக்கு ஒன்று, நாட்டுப்புறக் கதைக்கு ஒன்று" என்று கேட்டு வாங்குகிறார்கள். இரவில் தாய் வெட்டுகிறாள், தந்தை ஒட்டுகிறார், பிள்ளை உறங்குகிறது. மறுநாள் மதிப்பெண் மட்டும் பிள்ளைக்கு!

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. மனப்பாடத்தின் பிடியிலிருந்து பிள்ளையை விடுவித்து, தானே கண்டும் கேட்டும் செய்தும் கற்கவைப்பதே அதன் நோக்கம். அந்த நல்ல நோக்கத்தைப் பாழாக்கியவர் யார்? அரசையும் ஆசிரியரையும் குறைகூறுவது எளிது. முதற்குற்றவாளிகள் பெற்றோராகிய நாமே என்கிறோம்.

தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம் என்று பாடநூலின் தொடக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அதை ஒழித்திருக்கிறது. பிள்ளை இவற்றை அழகாகப் படியெடுக்கிறது. ஆனால் ஊருக்கும் காலனிக்கும் நடுவிலுள்ள தொலைவை அது நடந்து பார்த்ததா? நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு மட்டும் ஏன் தனிக்குவளை என்று கேட்டதா? இறந்தோரையும் சாதியால் பிரித்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் கிறிஸ்தவர்களாகிய நம்மிடையேயும் உண்டென்று நாம் அதற்குச் சொன்னோமா? கேட்டுவிடுமோ என்ற அச்சத்தில்தானே படத்தை வாங்கிக் கையில் கொடுக்கிறோம்!

பழங்கதை எழுதிவரச் சொன்னாலும் இதே நிலைதான். பஞ்சத்தில் பிறந்தகம் தேடிவந்து, அண்ணியின் கொடுமையால் மனமுடைந்து, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் மாண்ட நல்லதங்காளின் கதையைக் கண்ணீரோடு சொல்லக்கூடிய பாட்டி திண்ணையில் இருக்கிறாள். அவளை விட்டுவிட்டுக் கணினி மையத்தில் அச்செடுத்து வருகிறோம். பசி ஒரு தாயை என்ன செய்யும் என்பதை அந்த அச்சுத்தாளா உணர்த்தும்?

கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அணிக்கு ஏழு பேர் என்று வரைந்து வண்ணம் தீட்டியாகிவிட்டது. விளையாட்டு வேளையையோ கணக்குப் பாடம் விழுங்கிவிட்டது. மூச்சடக்கிப் பாடிச் செல்லவும், பிடிபட்ட தோழனுக்காக அடுத்த புள்ளியை வென்று அவனை மீட்கவும் மண்ணில்தான் கற்க முடியும், தாளில் அன்று.

இலக்கியத்துக்கு வருவோம். 1879இல் வெளிவந்த முதல் தமிழ் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்றும், எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றும் எழுதி நிழற்படமும் ஒட்டுகிறோம். நம் சமயத்தவர் என்ற பெருமிதம் வேறு! நூலின் ஒரு பக்கத்தையாவது பிள்ளையும் நாமும் சேர்ந்து படித்துச் சிரித்ததுண்டா?

"எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், நாம் செய்யாவிட்டால் மதிப்பெண் போய்விடுமே" என்பர் சிலர். போகட்டும் என்கிறோம். பிறர் உழைப்பில் தன் பெயரை எழுதிக் கொடுப்பதற்குப் பொய் என்பதன்றி வேறு பெயரில்லை. அதை நம் பிள்ளை முதன்முதலாகக் கற்பது நம் வீட்டு மேசையில், நம் கைபிடித்து! கூலித் தொழிலாளியின் மகள் தன் கையாலேயே கோணலாக வரைந்து தருகிறாள். கடையில் வாங்கிய பளபளப்பின் முன் அவள் தோற்கிறாள். அவளுடைய தோல்விக்கு விலை கொடுத்தவர்கள் நாம். பளபளப்புக்கு மதிப்பெண் வழங்கும் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு.

இன்றோ கடைக்கும் போக வேண்டியதில்லை. கைப்பேசியிடம் கேட்டால் நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. பொய் மலிவாகிவிட்டது, அவ்வளவே.

அன்பர்களே, வரும் ஞாயிறன்று கடைக்குப் போகாதிருப்போம். பிள்ளையைப் பாட்டியிடம் அனுப்புவோம், திடலுக்கு அனுப்புவோம், காலனித் தெருவுக்கு நாமே கைபிடித்து அழைத்துச் செல்வோம். அது கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தலைகுனிவோம். அந்தத் தலைகுனிவே ஒருவேளை நம்முடைய ஒப்படைப்பாக இருக்கலாம்.