சொசைட்டிப் பாலும் கூரை மின்சாரமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் தெருவுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது கடைசியில் என் கைக்கு வந்து சேரும். பாங்கு நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, தாலுகா ஆபீசு விண்ணப்பம் எல்லாம் என்னிடம்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகின்றார்கள். பாதிக்கு மேல் எனக்கும் விளங்காது என்பதை இந்த மலரில்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கின்றேன். அப்படித்தான் சென்ற கோடையில் என் தாய்மாமனின் மின்சாரப் பில்லும் என்னிடம் வந்தது.

மாமா டவுனில் வசதியாக இருப்பவர். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கின்றார். பில்லில் இரண்டு கணக்கு இருந்தது. கம்பியிலிருந்து அவர் வாங்கிய யூனிட் ஒன்று. அவர் கம்பிக்குக் கொடுத்த யூனிட் மற்றொன்று. இரண்டாவதைச் சுட்டிக்காட்டி, "மாப்ளே, நான் இத்தனை கொடுத்திருக்கேன். இதுக்குக் காசு எங்கே?" என்று கேட்டார்.

நான் விழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா சொன்னாள்: "நாம சொசைட்டிக்குப் பால் ஊத்தற மாதிரிதானே கண்ணு? ஊத்தின பாலுக்குப் பட்டுவாடா உண்டல்ல?"

இந்தக் கட்டுரை அம்மாவின் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். என் கல்லூரிக் கட்டணமும் பஸ் செலவும் அவற்றின் மடியிலிருந்துதான் வருகின்றன. காலையும் மாலையும் அம்மா சொசைட்டிக்குப் பால் கொண்டு போகின்றாள். அங்கே அளக்கின்றார்கள், கொழுப்புப் பார்க்கின்றார்கள், நோட்டில் எழுதித் தருகின்றார்கள். குறித்த நாளில் பட்டுவாடா. டவுனில் பாக்கெட் பால் விற்கும் விலை அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. அதற்காக அவள் சண்டை போட்டதும் இல்லை. குளிரூட்ட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், பாக்கெட் போட வேண்டும், நடுவில் செலவு இருக்கின்றது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால், "நீ குடித்த பாலைக் கழித்துக்கொள்கிறோம், மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தச் சொசைட்டிக்காரராவது சொன்னால், அன்றைக்கு அங்கே ஒரு பாத்திரமும் நிமிர்ந்து நிற்காது!

மாமாவின் கூரையில் நடப்பது என்ன? பகல் பன்னிரண்டு மணிக்குப் பேனல் தருகின்ற மின்சாரத்தில் வீட்டுக்குத் தேவையானது போக மிச்சம் கம்பிக்குப் போகின்றது. அது எங்கோ தொலைதூரம் பயணம் செய்வதில்லை. மின்னோட்டத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பக்கத்தில் எந்த மோட்டார் சுற்றுகின்றதோ, எந்த விசிறி ஓடுகின்றதோ, அதற்குள் புகுந்துவிடுகின்றது. மாமா வீட்டு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஃப்ரிட்ஜ் ஓடுவது பெரும்பாலும் மாமாவின் வெயிலில்தான். டீக்கடைக்காரர் அதற்கு மின்வாரியத்துக்குக் கடை விலையில் பணம் கட்டுகின்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலரும் இதில் ஏமாந்து போகின்றார்கள். தெருவில் கரண்ட் போனால் மாமா வீட்டிலும் போய்விடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த மறுகணம் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கையில் மாமாவின் மின்சாரம் பாயும். தனியாகப் பாட்டரி வைத்தவர்களுக்குத்தான் விதிவிலக்கு. மாமாவுக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

இனிக் கணக்குக்கு வருகின்றேன். 2022 செப்டம்பரில் நம் மாநிலத்தில் வந்த மின்கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்கின்றேன். 2024 ஜூலையில் கொஞ்சம் ஏறியது என்றாலும் பழைய எண்கள் வட்டமாக இருப்பதால் கணக்குப் போட எளிது. இரண்டு மாதத்துக்கு 3 கிலோவாட் சுமார் 720 யூனிட் தரும் என்று வைப்போம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்ற கணக்கு அது.

மாமா வீட்டில் ஏ.சி. உண்டு, போர் மோட்டார் உண்டு. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். சோலார் இல்லையென்றால் கட்ட வேண்டியது 6,550 ரூபாய். 720 யூனிட்டைக் கழித்து 280 யூனிட்டுக்குக் கட்டினால் 585 ரூபாய். ஆக 5,965 ரூபாய் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கும் மேல் அவருக்குக் கிடைத்துவிட்டது! "காசு எங்கே" என்று கேட்டாரே, காசு அவர் சட்டைப் பையிலேயேதான் இருந்தது. யூனிட்டுக்கு யூனிட் கழிக்கின்ற இந்த முறையில் பெரிய பில் கட்டுபவருக்குத்தான் பெரிய லாபம். அவர் கழிப்பது உச்சிப்படியில் இருக்கும் 10 ரூபாய், 9 ரூபாய் யூனிட்டுகளை அல்லவா?

இப்போது எங்கள் வீடு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் போக, கட்ட வேண்டியது 225 ரூபாய். (இலவசத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2016இல் அது வந்தபோது நான் சிறுவன். அந்த விளக்கடியில்தான் இத்தனை வகுப்பும் படித்தேன்.) அதே பேனல், அதே சூரியன், அதே 720 யூனிட். ஆனால் எங்களுக்குக் கழிவது 225 ரூபாய்தான். மீதி 520 யூனிட்?

இந்த 520 யூனிட்டில்தான் என் கட்டுரையின் உயிர் இருக்கின்றது. ஏனெனில் இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. மாமா வீட்டில் பேனல் பார்த்துவந்த அம்மாவுக்கும் ஆசை வந்தது. ஒரு ஏஜண்டு வந்தார். 3 கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய் சொன்னார். 2024இல் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதி 1,02,000. "பில்லே வராதுங்க அக்கா" என்றார். எங்கள் பில்லே 225 ரூபாய்தான் என்பதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். பில் மட்டும் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 1,350 ரூபாய். போட்ட முதல் திரும்ப 75 ஆண்டு வேண்டும். பேனலின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. என் ஆயுளைச் சேர்த்தாலும் போதாது. ஆனால் உபரி 520 யூனிட்டுக்கு ஒரு விலை கிடைத்தால்? குஜராத்தில் 2019இல் தொடங்கிய சூர்யா திட்டத்தில் வீடுகளின் உபரிக்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த விலையையே வைத்தால் உபரிக்கு ஆண்டுக்கு 7,020 ரூபாய். பில்லையும் சேர்த்தால் 8,370. பன்னிரண்டு ஆண்டில் முதல் திரும்பிவிடும். 75 எங்கே, 12 எங்கே! இத்தனைக்கும் 2.25 ரூபாய் பெரிய விலையே அல்ல.

எனவே என் வாதம் இது. உபரி மின்சாரத்துக்குக் காசு கேட்பது மாடிவீட்டுக்காரரின் பேராசை என்று சிலர் எண்ணுகின்றார்கள். உண்மை நேர்மாறானது. மாடிவீட்டுக்காரருக்குக் கழிவிலேயே எல்லாம் கிடைத்துவிடுகின்றது. குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குத்தான் உபரி அதிகம். உபரிக்கு விலை என்ன என்ற கேள்வி அதற்குத்தான் வாழ்வா சாவா. சூரியனை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, அதன் விலையை மட்டும் வீட்டின் பருமனைப் பார்த்து நிர்ணயிப்பது என்ன நியாயம்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பிலேயே ஒரு நண்பன் கேட்டான்: "உச்சி வெயிலில் எல்லாரும் ஊற்றுகின்ற மின்சாரத்தை வாரியம் என்ன செய்யும்? பெரிய சூரியப் பூங்காக்களில் அதைவிட மலிவாகக் கிடைக்கின்றதே." நியாயமான கேள்வி. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் யூனிட் 1.99 ரூபாய்க்கே கேட்டார்கள். தவிர, நாடு விளக்குப் போடும் நேரம் சாயங்காலம்; அப்போது கூரையில் ஒன்றும் கறக்காது. கம்பம், டிரான்ஸ்பார்மர், கம்பி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. கூரையே இல்லாதவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், சிமெண்டுத் தகட்டுக்கடியில் இருப்பவர்கள் அந்தச் செலவைத் தனியாகச் சுமக்கக் கூடாது. ஆகவே யூனிட்டுக்கு யூனிட் முழு விலை கொடு என்று நான் கேட்கவில்லை. அது பாக்கெட் பால் விலையை அம்மா கேட்பது போலாகும். ஆனால் பூங்காவின் மின்சாரம் நூற்றுக்கணக்கான மைல் கம்பியில் வந்து வழியில் கொஞ்சம் இழந்து சேர்கின்றது. மாமாவின் மின்சாரம் எதிர்த்த டீக்கடைக்குப் போகின்றது. இரண்டுக்கும் ஒரே விலை என்பதும் சரியில்லை.

வெளிநாடுகளில் இந்த வழக்கு பழையது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1983லேயே யூனிட் கழிக்கும் முறையைச் சட்டமாக்கியது. கலிபோர்னியாவில் அந்த முறை பல காலம் நடந்து, கூரை இல்லாதவர் தலையில் செலவு விழுகின்றது என்ற வாதம் வலுத்து, 2023 ஏப்ரலுக்குப் பின் சேருகின்றவர்களுக்கு உபரியின் மதிப்பை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைத்துவிட்டார்கள். ஜெர்மனியின் வழி வேறு. அங்கே 2000 ஏப்ரலில் வந்த சட்டம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 99 பெனிக் என்று விலை வைத்தது, 20 ஆண்டுக்கு. புதிதாகச் சேருகின்றவர்களுக்கு விலை குறைந்துகொண்டே வந்தது; 2022இல் சிறு கூரையின் உபரிக்கு 8.2 செண்ட், அதாவது பழைய விலையில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் முன்னே சேர்ந்தவருக்குக் கொடுத்த வாக்கு வாக்காகவே இருந்தது. ஸ்பெயின் 2010க்குப் பின் கொடுத்த வாக்கையே குறைத்தது. கடன் வாங்கிப் பேனல் போட்ட குடும்பங்கள் நீதிமன்றம் ஏறின.

நம் மாநிலத்திலும் விதி மாறிக்கொண்டே இருந்திருக்கின்றது. 2013இல் ஒழுங்குமுறை ஆணையம் யூனிட் கழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆண்டு முடிவில் வீட்டுச் செலவில் 90 சதவீதம் வரைதான் கணக்கு, அதற்கு மேல் கொடுத்தது காலாவதி என்றது. காலாவதி! பால் புளிக்கும், ஒப்புக்கொள்கின்றேன். டீக்கடையில் ஓடிமுடிந்த மின்சாரம் எப்படிப் புளிக்கும்? 2019இல் கழிப்பு முறை போய், உபரிக்கு ரூபாயில் விலை வைக்கும் முறை வந்தது. 2021இல் வீடுகளுக்கு மீண்டும் கழிப்பு முறை. எட்டு ஆண்டில் மூன்று முறை. மாதச் சம்பளக்காரர் இதைத் தாங்குவார். மாட்டை விற்றுப் பேனல் வாங்க நினைப்பவரால் முடியுமா?

நான் கேட்பது கடினமானதல்ல. ஒவ்வொரு வீடும் தான் செலவழித்தது போகக் கொடுக்கின்ற உபரிக்கு ரூபாயில் ஒரு விலை வேண்டும். அது பெரிய வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பேனல் போடுகின்ற அன்றைக்கு என்ன விலையோ அது கடன் தீரும் வரையாவது மாறக் கூடாது. சொசைட்டிச் சுவரில் சாக்பீசால் எழுதியிருப்பது போல அந்த விலை பில்லில் தமிழில் அச்சாக வேண்டும். பணம் குறித்த நாளில் பாங்குக் கணக்கில் விழ வேண்டும். கூரை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. டெல்லியில் 2019லேயே பலர் சேர்ந்து ஓரிடத்தில் பேனல் போட்டு, அவரவர் பில்லில் பங்கைக் கழித்துக்கொள்ள விதி செய்தார்கள். நம் ஊர்ச் சொசைட்டிக் கட்டடத்தின் மொட்டை மாடி பெரியது, வெறுமனே காய்கின்றது. ஏன் அங்கே தொடங்கக் கூடாது?

மாமாவிடம் அவருடைய 5,965 ரூபாயை விளக்கியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் கேட்டது தப்பா மாப்ளே?" என்றார். தப்பில்லை, கேட்க வேண்டியவர் அம்மா என்றேன்.

ஏஜண்டு மறுபடியும் வந்தார். "உபரி யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை வருஷத்துக்கு, எப்போ பட்டுவாடா, இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க" என்றேன். "ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் தம்பி" என்று போனார். அம்மா அந்தத் தாளுக்காகக் காத்திருக்கின்றாள். இதற்கிடையில் செவலை மாடு கன்று போட்டிருக்கின்றது.