கவலையும் விசுவாசமும்

"கவலைப்படுகிறவனுக்கு விசுவாசம் குறைவு" என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கூறக் கேட்டேன். அதுவரை இருந்த கவலைகளோடு புதிதாக ஒரு கவலையும் அன்று எனக்குச் சேர்ந்தது. நமக்கு விசுவாசம் போதாதோ என்ற கவலைதான் அது! அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை. பிற சமயத்து நண்பர்களும் சமயமே வேண்டாம் என்னும் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கவலை எல்லார்க்கும் பொதுவானதன்றோ?

ஆவடியை அடுத்த கோவில்பதாகை எங்கள் ஊர். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரே பேச்சுத்தான்: ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது? மழை ஓய்ந்தால் தேர்வு வரும். தேர்வுக்கு முன்னால் தேர்வுக் கட்டணம் வரும். காலையில் ஷேர் ஆட்டோ கிடைக்குமா, ஆவடியில் மின்சார ரயிலைப் பிடிக்க முடியுமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பவை வேறு. காவியம் பாடத்தக்க துன்பங்கள் அல்ல இவை. ஆயினும் சோற்றில் கிடக்கும் கல்லைப் போல் அன்றாடம் பல்லில் படுகின்றன.

கவலைப்பட வேண்டாம் என்று இயேசு பெருமான் கூறியது மெய்தான். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் சுட்டிக்காட்டி அதனைக் கூறுகிறார். ஆனால் யாரிடம் கூறினார்? உணவுக்கும் உடைக்கும் அல்லற்பட்ட எளிய மக்களிடம். துவண்டவன் தோளில் கைவைத்துச் சொன்ன ஆறுதலைக் குற்றப்பத்திரிகையாக மாற்றிவிட்டவர்கள் நாம்தாம். அன்றியும், அப்பகுதியின் முடிவில், நாளைய தொல்லையை நாளைக்கு விட்டுவிடச் சொல்கிறாரே ஒழிய, தொல்லையே இராது என்று அவர் சொல்லவில்லை. அவரே கெத்செமனே தோட்டத்தில் வியர்வை இரத்தத் துளிகள்போல் விழும்படி மனம் வருந்தி ஜெபித்தார் என்று லூக்கா எழுதுகிறார். அதுமட்டுமா? தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். கவலைப்படுவது விசுவாசக் குறைவு என்றால் அந்த இரவை நாம் என்னவென்று சொல்வது?

பழைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தவர் எலியா தீர்க்கதரிசி. அரசிக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடிய அவர், ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, தமக்குச் சாவு வந்தால் போதும் என்று கேட்கிறார். அப்போது தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசம் எங்கே என்று அதட்டவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து உண்ணச் சொல்கிறான். எலியா உண்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறையும் வந்து உணவு கொடுக்கிறான். கடவுள் பேசுவதெல்லாம் அதன் பிறகுதான். தேர்வுக் காலத்தில் காலை உணவையும் இரவுத் தூக்கத்தையும் துறக்கும் விடுதி நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. கிருஷ்ண பிள்ளை இயற்றி 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழ் இலக்கிய மாணவர் அறிவர். அதற்கு மூலமான நூல் 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் ஆங்கிலக் கதை. பனியன் தம் மனத்தின் அச்சங்களோடு ஆண்டுக்கணக்கில் போராடியவர். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அவருடைய பயணி சோர்வு என்னும் சேற்றில் எப்போது விழுகிறான் தெரியுமா? மோட்ச வழியில் புறப்பட்ட பிறகுதான்! ஒருவர் கைகொடுத்துத் தூக்கித்தான் கரையேறுகிறான். கடைசி ஆற்றிலும் அவன் மூழ்கப் பார்க்கிறான். உடன் வந்த தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிக்கொள்கிறான். தனியாகக் கரையேறியதாகக் கதை இல்லை.

1953இல் லண்டன் மாநகரில் சாட் வாரா என்ற குரு, தற்கொலை எண்ணத்தால் வாடுவோர்க்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் இருந்தனர். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியதிலேயே ஆறுதல் பெற்றுப் பலர் குருவைக் காணாமலே திரும்பிவிட்டனராம். அந்தக் குரு தம் ஆலோசனையைவிடத் தொண்டர்களின் செவிகளே மேல் என்று கண்டு, பணியை அவர்களிடமே ஒப்படைத்தார். என் பார்வையில் அதுவும் விசுவாசமே. நம் சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'வும் இவ்வாறு செவிகொடுத்துக் கேட்கும் தொண்டர்களால் நடைபெறுவதே. 2022 முதல் 14416 என்ற அரசு எண்ணும் உண்டு. கவலை நோயாக முற்றியவனை மருத்துவரிடம் அனுப்பாமல் ஜெபம் மட்டும் போதும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் ஜெபம் எதற்கு? படிக்காமல் ஜெபித்துவிட்டு நான் எழுதிய தாள் என்னவாயிற்று என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. இப்போது இரவில் படுக்கும் முன் என் கவலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கடவுளிடம் கூறுகிறேன். பெயர் சொன்னவுடன் சில கவலைகள் சிறுத்துவிடுகின்றன. சில, நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளாக மாறுகின்றன: அலுவலகத்தில் கட்டணத் தேதியைக் கேட்க வேண்டும், ஆசிரியரிடம் ஐயம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பன போல. எதற்கும் அசையாமல் கிடப்பவையும் உண்டு. அவற்றோடு நான் தனியாக இல்லை என்ற உணர்வு மட்டும் கிடைக்கிறது. அது சிறிய பேறு அன்று.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு நினைவுக்கு வருகிறது. என் தாயார் ரேஷன் அட்டை, என் மதிப்பெண் சான்றிதழ்கள், வேதாகமம் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்கள். மின்சாரம் போய்விட்டது. நான் நிமிடத்துக்கொருமுறை கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ போய்ப் படுத்துத் தூங்குடா. தண்ணி உள்ள வந்தா எழுப்புறேன். நான் முழிச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்கள் அம்மா.

தூங்கினேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது தண்ணீர் இரண்டாம் படிவரை ஏறி நின்றிருந்தது. மேற்படியில், அணைத்த டார்ச் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அமர்ந்திருந்தார்கள்.