கடல்கன்னி தேடியது இளவரசனையா... ஆன்மாவையா?

சின்னக் கடல்கன்னியின் கதை எப்படி முடியும் என்று வீட்டில் இருக்கும் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். ‘இளவரசனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு சந்தோஷமா இருப்பா’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 1989-ல் வெளியான டிஸ்னியின் கார்ட்டூன் படமும், 2023-ல் நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட படமும் இருவரையும் சேர்த்து வைத்துத்தான் முடிகின்றன.

டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய மூலக் கதையிலும் இளவரசனுக்குக் கல்யாணம் நடக்கிறது. ஆனால், மணப்பெண் வேறொருத்தி. அந்தக் கல்யாணக் கப்பலிலிருந்துதான் கடல்கன்னி கடலில் குதிக்கிறாள்.

‘ஐயோ, இவ்வளவு சோகமான கதையையா குழந்தைக்குச் சொல்வது?’ என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். அவள் உண்மையில் எதற்கு ஆசைப்பட்டாள் என்று தெரிந்தால், இந்த முடிவு வேறு மாதிரித் தெரியும்.

பாட்டி சொன்ன ரகசியம்

கடலரசனுக்கு ஆறு மகள்கள். கடைசி மகளுக்கு ஆண்டர்சன் பெயர்கூட வைக்கவில்லை. ஏரியல் என்பது டிஸ்னி வைத்த பெயர். 15 வயது ஆனால்தான் கடலின் மேற்பரப்புக்குப் போகலாம் என்பது அங்கே விதி. அவளுடைய முறை வந்த அன்று புயலில் ஒரு கப்பல் உடைகிறது. நீரில் மூழ்கிக்கொண்டிருந்த இளவரசனைக் காப்பாற்றிக் கரையில் சேர்க்கிறாள். காப்பாற்றியது யார் என்று அவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு அவள் தன் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். மூழ்கிச் சாகாத மனிதர்கள் என்றென்றும் உயிரோடு இருப்பார்களா?

பாட்டியின் பதில்தான் கதையின் மையம். மனிதர்களும் இறப்பார்கள். அவர்களின் ஆயுள் நம்மைவிடக் குறைவு. நாம் 300 ஆண்டுகள் வாழ்ந்து, கடைசியில் கடல் நுரையாகிவிடுவோம். அதோடு எல்லாம் முடிந்தது. மனிதர்களுக்கோ அழியாத ஆன்மா உண்டு. உடல் மண்ணான பிறகும் அது மேலே போய் வாழும்.

இதைக் கேட்டதும், ஒரே ஒரு நாள் மனுஷியாக வாழ்ந்து, பிறகு அந்த மேலுலகில் இடம் கிடைக்கும் என்றால், தன் 300 ஆண்டுகளையும் கொடுத்துவிடத் தயார் என்கிறாள் அவள். இளவரசன் மேல் அவளுக்குக் காதல் உண்டு. கூடவே, அழியாத ஒன்று தனக்கும் வேண்டும் என்ற தவிப்பும் உண்டு. சினிமாக்களில் காதல் தங்கிவிட்டது. தவிப்பு காணாமல் போய்விட்டது.

குரலை விற்று வாங்கிய கால்கள்

ஒரு மனிதன் தன் தாய் தந்தையைவிட மேலாக அவளை நேசித்து மணந்தால், அவனுடைய ஆன்மாவில் அவளுக்கும் பங்கு கிடைக்கும். பாட்டி சொல்லும் ஒரே வழி இதுதான். அதற்காகக் கடல் சூனியக்காரியிடம் போகிறாள். வாலுக்குப் பதில் கால்கள் கிடைக்கின்றன. விலையாக அவளுடைய நாக்கை அறுத்துக்கொள்கிறாள் சூனியக்காரி. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கத்தி மேல் நடப்பதுபோல வலிக்கும். இளவரசன் வேறு பெண்ணை மணந்தால், மறுநாள் விடியலில் இதயம் வெடித்து நுரையாகிவிடுவாள்.

இளவரசன் அவளைச் செல்லமாகத்தான் வைத்திருக்கிறான். ஆனால், தன்னைக் காப்பாற்றியவள் கரையில் கண் விழித்தபோது பார்த்த இன்னொரு பெண் என்று நம்புகிறான். கடைசியில் அந்தப் பெண்தான் அவனுக்கு மணப்பெண்ணாகவும் வந்து நிற்கிறாள். ‘உன்னைக் காப்பாற்றியது நான்தான்’ என்று சொல்ல இவளுக்குக் குரல் இல்லை.

கல்யாண இரவில் அக்காக்கள் ஐவரும் தலைமுடியைச் சூனியக்காரிக்குக் கொடுத்து, ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். விடிவதற்குள் இளவரசனைக் குத்தி, அந்த ரத்தம் அவள் காலில் பட்டால் மீண்டும் வால் வந்துவிடும். 300 ஆண்டு ஆயுளும் திரும்பக் கிடைக்கும். அவன் அறைக்குள் போகிறாள். தூங்கும் இருவரையும் பார்க்கிறாள். கத்தியைக் கடலில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

அவள் நுரையோடு கரைந்து போகவில்லை. காற்றின் மகள்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். நோய்க் காற்று வீசும் நாடுகளுக்குக் குளிர்ச்சி கொண்டு போவது, பூக்களின் மணத்தைப் பரப்புவது அவர்கள் வேலை. 300 ஆண்டுகள் இப்படி நல்லது செய்தால், அவளுக்கும் ஆன்மா கிடைக்கும். யாருடைய தயவும் வேண்டாம். கடல்கன்னிகளுக்குக் கண்ணீர் கிடையாது என்று கதையின் தொடக்கத்தில் ஒரு வரி வரும். காற்றின் மகளாகி, சூரியனை நிமிர்ந்து பார்க்கும் அந்த நேரத்தில்தான் முதன்முறையாக அவள் கண்கள் நனைகின்றன.

ஆண்டர்சன் வேண்டுமென்றே மாற்றியது

இந்த முடிவு தற்செயலாக வந்தது இல்லை. 1811-ல் ஜெர்மன் எழுத்தாளர் ஃபூகே எழுதிய ‘உண்டினே’ என்ற கதையில், நீர்தேவதை ஒருத்தி மனிதனை மணந்து ஆன்மா பெறுகிறாள். 1837-ல் நண்பர் இங்கெமனுக்கு எழுதிய கடிதத்தில் ஆண்டர்சன் இதை மறுத்திருக்கிறார். ஓர் ஆன்மா கிடைப்பதும் கிடைக்காததும் இன்னொருவரின் காதலைப் பொறுத்தது என்றால், அது வெறும் அதிர்ஷ்டமாகிவிடும்; தன் கடல்கன்னியை அதைவிட இயல்பான, தெய்விகமான வழியில் போகவிட்டேன் என்பது அவர் வாதம். கதைக்கு அவர் முதலில் யோசித்த தலைப்பே ‘காற்றின் மகள்கள்’தான்.

அவருடைய வாழ்க்கையும் இதில் கலந்திருக்கிறது. ஓடென்ஸ் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கும் துணி வெளுக்கும் பெண்ணுக்கும் 1805-ல் பிறந்தவர். 14 வயதில், நல்ல பாட்டுக் குரலை நம்பித் தனியாகக் கோபன்ஹேகன் வந்தார். சில காலத்திலேயே குரல் உடைந்துபோனது. அவர் நேசித்தவர்கள் அதே அளவு அவரை நேசிக்கவில்லை. கடைசிவரை அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. குரல் இழந்தவளின் வலியை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

மூலக் கதையில் ஒரு சிக்கலான இடமும் உண்டு. பெற்றோர் மகிழும்படி நடக்கும் ஒரு நல்ல குழந்தையைப் பார்த்துக் காற்றின் மகள்கள் புன்னகைத்தால், அவர்களின் 300 ஆண்டுகளில் ஒரு வருடம் குறையும். குறும்புக்காரக் குழந்தையைப் பார்த்து அழுதால், ஒவ்வொரு சொட்டுக் கண்ணீருக்கும் ஒரு நாள் கூடும். ‘மேரி பாப்பின்ஸ்’ கதைகளை எழுதிய பி.எல்.டிராவர்ஸ், இது குழந்தைகளை மிரட்டிப் பணியவைக்கும் வேலை என்று சாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கதை சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடலாம். கதைக்கு ஒரு குறையும் வராது.

நாக்கை அறுப்பது, ரத்தம் போன்றவை சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தும். அவர்களுக்கு ‘குரலைக் கொடுத்துவிட்டாள்’ என்று சொன்னாலே போதும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு முழுக் கதையையும் உட்கார்ந்து படிக்கலாம்.

கத்தியை அவள் வீசும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?’ என்று கேளுங்கள். ‘அவன்தான் இவளைக் கல்யாணம் பண்ணிக்கலையே, அப்புறம் ஏன் விட்டா?’ என்று குழந்தை திருப்பிக் கேட்கலாம். உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். நேசித்தவர் திரும்ப நேசிக்காமல் போவது, தேர்வில் தோற்பதுபோல இல்லை என்பதை அந்தக் கேள்வியிலிருந்தே பேசத் தொடங்கலாம். கைப்பேசியும் கையுமாக இருக்கும் அண்ணன், அக்காவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர்களுக்கும் இது தேவைப்படும் வயதுதான்.

கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913 முதல் ஒரு கடல்கன்னி சிலை பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. உயரம் வெறும் 1.25 மீட்டர். 1964-லும் 1998-லும் விஷமிகள் அதன் தலையை அறுத்துக்கொண்டு போனார்கள். முதல் முறை புதுத் தலை பொருத்தப்பட்டது; இரண்டாம் முறை, திரும்பக் கிடைத்த தலையே மீண்டும் பொருத்தப்பட்டது. வருகிறவர்கள் பலரும், இளவரசனுக்காகக் காத்திருக்கும் பெண் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதையை முழுசாகக் கேட்ட குழந்தை அந்தப் படத்தைப் பார்த்தால், ‘அவ இப்ப காத்துல இல்ல இருப்பா’ என்று சொல்லக்கூடும்.