பொத்தானை அழுத்தியும் ஏர்பிரேக் திறக்கவில்லையா?

கணினியில் போர் விமானம் ஓட்டும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் புலம்பல் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும்: "ஏர்பிரேக் வேலை செய்யலப்பா, புது திராட்டில் வாங்கணும்." நல்ல திராட்டிலும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்த செட் பல நூறு வெள்ளி. பணப்பையைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, கீழே உள்ள மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பழுது கருவியில் இருக்காது.

ஏர்பிரேக் என்பது விமானத்தின் உடலிலிருந்து விரிந்து காற்றை எதிர்த்து நிற்கும் பலகை. எஞ்சினைக் குறைத்தால் மட்டும் வேகம் உடனே இறங்கிவிடாது. அந்த வேலையைப் பலகை விரைவாகச் செய்யும். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரில் பலரும் ஓட்டும் எஃப்/ஏ-18சி ஹார்னெட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம் அரச மலேசிய ஆகாயப் படையிடம் 1997 முதல் இருப்பது இதன் இரண்டு இருக்கை கொண்ட 'டி' வகை. இதன் ஏர்பிரேக், முதுகில் இரண்டு வால் துடுப்புகளுக்கு நடுவே இருக்கிறது.

முதல் கேள்வி: கருவி பேசுகிறதா?

விளையாட்டை மூடிவிடுங்கள். விண்டோஸ் தேடல் கட்டத்தில் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று தேடித் திறந்து, உங்கள் திராட்டிலின் 'ப்ராப்பர்ட்டிஸ்' பக்கத்துக்குப் போங்கள். சுவிட்சை அசைத்தால் அதற்குரிய எண் வெளிச்சம் காட்ட வேண்டும். காட்டினால் கருவி நலம். காட்டாவிட்டால், யூஎஸ்பி ஹப்பிலிருந்து கழற்றி நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள்; வேறு துளையிலும் முயன்று பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: விளையாட்டு அதைச் சரியாகக் கேட்கிறதா?

சிக்கல் அதிகம் இருப்பது இங்கேதான். டிசிஎஸ்-இல் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி விசைப் பட்டியல் உண்டு. சுகோய்-25டி-க்கு வைத்த அமைப்பு ஹார்னெட்டுக்குத் தானாக வராது. 'கன்ட்ரோல்ஸ்' பக்கத்தில் சரியான விமானத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திராட்டில் சுவிட்சை அழுத்துங்கள். அது எந்த வரிசைக்குப் பதிவாகியிருக்கிறதோ அந்த வரிசைக்குத் திரை தாவும். ஒரே பொத்தான் இரண்டு வேலைகளுக்குப் பதிவாகியிருந்தால் சிவப்பு அடையாளம் தெரியும், ஒன்றை நீக்கிவிடுங்கள். புதிதாகப் பெடலோ இன்னொரு ஜாய்ஸ்டிக்கோ செருகினால் அதன் அச்சுகளுக்கும் விளையாட்டே சில வேலைகளைத் தந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது சுவிட்சின் குணம். உண்மையான ஹார்னெட்டில் இது மூன்று நிலைச் சுவிட்ச். பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும்வரை பலகை விரியும். விரலை எடுத்தால் சுவிட்ச் நடுவுக்கு வந்துவிடும். பலகை நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் தள்ளினால் மூடிக்கொள்ளும். சிமுலேட்டரும் இதையே பின்பற்றுகிறது. அதனால் 'எக்ஸ்டென்ட்' வரிசையில் பதிந்த பொத்தானைச் சட்டென்று தட்டிவிட்டு விட்டால் பலகை விரல்கடை அளவுதான் திறக்கும். வேகத்தில் வித்தியாசமே தெரியாது. பிள்ளை 'வேலை செய்யல' என்பான். அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சை 'எக்ஸ்டென்ட்' வரிசைக்கு மட்டும் கொடுத்தால் பலகை திறக்கும், ஆனால் மூடாது. ஆஃப் செய்வது 'நிறுத்து' என்றுதான் பொருள்படும். 'மூடு' என்ற கட்டளை போவதே இல்லை. பின்னர் 'விமானம் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, எரிபொருள் ஏன் இப்படிக் கரைகிறது' என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 'ரிட்ராக்ட்' வரிசைக்கும் ஒரு பொத்தான் கொடுங்கள். விசைப்பலகையின் 'பி' விசை ஒரே தட்டில் திறக்கவும் மறு தட்டில் மூடவும் செய்யும். 'பி' வேலை செய்து சுவிட்ச் மட்டும் செய்யவில்லை என்றால், கோளாறு சுவிட்சுக்கும் விளையாட்டுக்கும் இடையில் என்பது உறுதி.

பறக்கத் தொடங்கும்போதே சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால் விளையாட்டு அதைக் கவனிக்காமலும் போகலாம். கருவியின் நிலைகளைத் தொடக்கத்திலேயே விமானத்தோடு ஒத்திசைக்கும் தேர்வு, அமைப்புகளில் உண்டு.

மூன்றாம் கேள்வி: விமானம் சம்மதிக்கிறதா?

இரண்டும் சரியாக இருந்தும் பலகை திறக்கவில்லையா? விமானமே மறுத்திருக்கலாம். ஹார்னெட்டில் 6 ஜி-க்கு மேல் இழுத்துத் திரும்பினாலும், மூக்கை மிக உயரத் தூக்கினாலும், ஃபிளாப்பை 'ஆட்டோ'விலிருந்து மாற்றிவிட்டு 250 நாட்டுக்குக் கீழே வந்தாலும் ஏர்பிரேக் தானாக மடங்கும். சிங்கப்பூர் ஆகாயப் படையும் பயன்படுத்தும் எஃப்-16-இல் வேறொரு கட்டுப்பாடு: வழக்கமாக 60 பாகை வரை விரியும் பலகைகள், சக்கரம் இறங்கியதும் 43 பாகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் விரிந்தால் தரையிறங்கும்போது ஓடுபாதையில் உரசிவிடும். இவை கோளாறுகள் அல்ல, பாதுகாப்பு ஏற்பாடுகள்.

எனவே, சோதிக்கும்போது நேராக, சமமாக, 300 நாட் வேகத்தில், ஃபிளாப் 'ஆட்டோ'வில் இருக்கப் பறந்து பாருங்கள். 'எஃப்2' விசையை அழுத்தினால் விமானத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். பலகை எழுகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். காக்பிட்டில் ஏர்பிரேக்குக்கான பச்சை விளக்கும் எரியும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். எல்லாம் சரியானதும் அந்த விசை அமைப்பைத் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணினியில் செருகியும் முதல் சோதனையில் வெளிச்சம் வரவில்லை என்றால்தான் சுவிட்ச் பழுது. அப்போதும் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கடைக்குப் புறப்படுங்கள்.